நிகழ்பட ஆட்டங்களில் பல்தட ஒலி வெளியீடு

நிகழ்பட ஆட்டங்களில் பல்தட ஒலி வெளியீடு என்பது, ஆட்டத்தின் ஒலிகளை ஆடுபவரைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளுக்குத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து அனுப்பும் முறை ஆகும். திரைப்படத்தில் எந்த ஒலி எத்திசையிலிருந்து வரவேண்டும் என்பது கலவைக்கூடத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆட்டத்திலோ ஆடுபவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது மாறும். எனவே இயந்திரமே அக்கலவையை ஓயாது கணிக்க வேண்டியுள்ளது.

5.1 அமைப்பு

முன் இடம், முன் வலம், நடு, பின் இடம், பின் வலம் என ஐந்து முழுத் தடங்களும், தாழ் அதிர்வெண் ஒலிகளுக்கென ஒரு தடமும் இதில் உள்ளன. நடு ஒலிபெருக்கியிலிருந்து முன்னவை 30 பாகையிலும், பின்னவை 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்குமாறு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. வீட்டு வரவேற்பறைகள் இதற்கு இடம் கொடுப்பது அரிது.

கடத்தும் வழி

நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டு எனக் கொண்டால் ஆறு தடங்களுக்கு நொடிக்கு 46,08,000 பிட்டுகள் தேவை. எஸ்/பிடிஃப் ஒளியிழை இணைப்போ சுருக்கப்படாத இரண்டு தடங்களையே கடத்தும். ஆகவே 2001இல் வெளியான எக்ஸ்பாக்ஸ், ஆட்டம் நடக்கும்போதே ஒலியை டால்பி டிஜிட்டல் வடிவிற்குச் சுருக்கி அனுப்பியது. அவ்வடிவின் ஒரு சட்டகம் 1,536 மாதிரிகள், அதாவது 32 மில்லிநொடி கொண்டது. நொடிக்கு 60 படங்கள் காட்டும் ஆட்டத்தில் இது ஏறக்குறைய இரு படங்களின் நேரம். 2006இல் வந்த பிளேஸ்டேசன் 3, எச்டிஎம்ஐ வழியே 7.1 ஒலியைச் சுருக்காமலே அனுப்பியது.

நிரலில் அமைத்தல்

எக்ஸ்பாக்ஸ் 360, விண்டோசு ஆகியவற்றுக்கான எக்ஸ்ஆடியோ2 நூலகத்தில் ஒவ்வோர் ஒலியும் ஒரு மூலக்குரலில் தொடங்கி, தேவையெனில் துணைக்கலவைக் குரல்கள் வழியாக, முதன்மைக் குரலை அடைகிறது. எந்தத் தடத்திற்கு எவ்வளவு என்பதை ஓர் அணி தீர்மானிக்கிறது. ஒற்றைத்தடக் காலடி ஓசையை 5.1க்கு அனுப்ப அவ்வணியில் ஆறு எண்கள் போதும். ஒலிமூலத்தின் இடத்தையும் கேட்பவரின் திசையையும் கொடுத்தால் எக்ஸ்3டிஆடியோ அவற்றைக் கணித்துத் தரும். தடங்களின் எண்ணிக்கையை நிரலில் ஆறு என்று எழுதிவைக்காமல், முதன்மைக் குரலிடமே கேட்டறிவது நல்லது.

தட வரிசை

பிழைகள் பெரும்பாலும் நுழைவது இங்கேதான். எக்ஸ்ஆடியோ2இன் வரிசை முன் இடம், முன் வலம், நடு, தாழ் அதிர்வெண், பின் இடம், பின் வலம். வோர்பிசு கோப்பின் வரிசையோ முன் இடம், நடு, முன் வலம், பின் இடம், பின் வலம், தாழ் அதிர்வெண். மாற்றாமல் இணைத்தால் உரையாடல் முன் வலத்தில் கேட்கும். பின் இட ஒலி சப்வூஃபருக்குள் போய்விடும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராது. இரு ஒலிபெருக்கிகளோடு சோதிப்பவருக்கு இது எளிதில் புலப்படாது. ஒவ்வொரு தடத்திலும் அதன் பெயரைச் சொல்லும் குரலைப் பதிந்து சோதிப்பதே எளிய வழி.

இரு தடங்களாகக் குறைத்தல்

பலர் தொலைக்காட்சியின் இரு ஒலிபெருக்கிகளிலேயே கேட்கின்றனர். அப்போது நடுத்தடத்தை 0.707ஆல் பெருக்கி முன்னிரு தடங்களிலும் சேர்க்க வேண்டும். இல்லையெனில் அதிலுள்ள உரையாடல் முழுதும் மறைந்துவிடும். பின் தடங்களும் அவ்வாறே அந்தந்தப் பக்கத்தில் சேரும். தாழ் அதிர்வெண் தடம் வழக்கமாக விடப்படுகிறது. ஆகையால் வெடியோசையை அதில் மட்டும் வைத்தல் ஆகாது.