மணமான மகளுக்கு வேறு கணக்கு

அமெரிக்கப் பிரஜையான ஒரு தாய், மாத்தளையில் இருக்கும் மகளைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள நினைக்கிறார். மகள் மணமாகாதவள், 21 வயதும் நிரம்பவில்லை என்றால் வரிசையே கிடையாது. 21 கடந்துவிட்டால் பல ஆண்டு வரிசை. கழுத்தில் தாலி ஏறிவிட்டால் அதைவிட நீளமான இன்னொரு வரிசை. அதன் பெயர் எஃப்3.

இந்த வரிசை ஏன் இப்படி ஊர்கிறது? 1990ஆம் ஆண்டுச் சட்டம், மணமான பிள்ளைகளுக்கென உலகம் முழுமைக்குமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 23,400 வீசாக்களை ஒதுக்கியது. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் மருமகனும் பேரப்பிள்ளைகளும் இதே ஒதுக்கீட்டிலிருந்துதான் ஆளுக்கொரு வீசா எடுக்கிறார்கள். குடும்பத்துக்கு நான்கு பேர் என்று வைத்தாலே, ஆண்டில் 5,850 குடும்பங்களுடன் கணக்கு முடிந்துவிடும். எந்த நாடும் மொத்த வீசாக்களில் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் விதி உண்டு. அதனால் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் மக்கள் தனி வரிசையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். இலங்கை பொது வரிசையில் நிற்கிறது. அங்கும் 2011 வாக்கில் மனுப் போட்டவர்களுக்கு 2025இல்தான் முறை வந்தது. மாதாமாதம் வெளியாகும் வீசா அறிவிப்பில் அந்தத் தேதி சில வேளை பின்னோக்கியும் போகும்.

திருமணத்தை வைத்து ஆளைப் பிரித்துப் பார்க்கும் சட்டம் மாத்தளைக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் தம்புள்ளை, நாலந்தா வழியாக நடந்தே இங்கு வந்து சேர்ந்தார்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் ஆதாரம் கேட்டது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் தாலி மூன்று ஆண்டைக் குறைத்தது. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அதுவும் அமெரிக்கச் சட்டத்தைப் போலவே கோடு கிழித்தது: தகப்பனின் மனுவில் மனைவிக்கும் பராயமடையாத பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம். வளர்ந்து மணமான மகன் தனி மனுக்காரன்.

அதன் வலி 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு முழுதாகத் தெரிந்தது. நாடற்றிருந்த அந்த வழித்தோன்றல்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் பெற்றோர் இந்தியப் பிரஜை, பிள்ளை இலங்கைப் பிரஜை என்றானது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் பெற்ற பிள்ளைகளைக் கரையில் விட்டுப் போனார்கள். கல்யாணம் ஆனதும் பிள்ளை குடும்பத்தை விட்டு வெளியேறிவிட்டது என்று நம் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. சட்டம் அன்றும் நினைத்தது, இன்றும் நினைக்கிறது.

எஃப்3 கணக்கில் என்னை வியக்க வைப்பது பேரப்பிள்ளையின் வயது. முறை வரும்போது பேரனுக்கு 21 நிரம்பியிருந்தால் பெற்றோருடன் போக முடியாது. மனுப் போட்டபோது அவனுக்கு 7 வயது, முறை வரும்போது 21 வயதும் 4 மாதமும் என்று வைத்துக்கொள்வோம். 2002இல் வந்த சட்டம், மனு ஒப்புதலுக்காகக் கிடந்த காலத்தை அந்த வயதிலிருந்து கழிக்கச் சொல்கிறது. மனு 4 ஆண்டு கிடந்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அவனுக்கு வயது 17 வருடம் 4 மாதம்; போகலாம். மூன்றே மாதத்தில் ஒப்புதல் வந்திருந்தால் 21 வருடம் 1 மாதம், போக முடியாது. அலுவலகத்தின் தாமதத்துக்காக அன்று வருந்திய குடும்பத்துக்கு அதே தாமதம் பிள்ளையை மீட்டுத் தருகிறது. ஆனால் அவன் மணமாகாதவனாக இருக்க வேண்டும். எண் கிடைத்த ஓராண்டுக்குள் வீசாவுக்கான அடுத்த அடியையும் எடுத்துவிட வேண்டும்.

தாய் பிரஜையாகாமல் கிரீன் கார்ட் மட்டும் வைத்திருந்தால் மணமான பிள்ளைக்கு ஸ்பொன்சர் செய்யவே முடியாது. மணமாகாத மகளுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கையில் கல்யாணம் நடந்தால் அந்த மனு செத்துவிடும். பின்னர் விவாகரத்தானாலும் அது உயிர்க்காது. தாய் முதலில் பிரஜாவுரிமைச் சத்தியம் செய்து, அதன்பின் மகளுக்குக் கல்யாணம் நடந்தால் பழைய தேதியுடனே மனு எஃப்3க்கு மாறும். இரண்டு சடங்குகளில் எது முந்தியது என்பதில் பத்து ஆண்டுகளுக்கு மேல் கூடலாம், குறையலாம். இதற்காகக் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதியவில்லை என்பதால் மணமாகாதவள் என்று எழுதிக்கொடுப்பது ஆபத்து. வழமைப்படி நடந்த திருமணம் பதியாவிட்டாலும் இலங்கைச் சட்டத்தில் செல்லக்கூடும். பொய் சொன்னதாகக் கண்டுபிடித்தால் அமெரிக்க வாசல் ஆயுளுக்கும் மூடிவிடலாம்.

அறுபதில் மனுப் போட்ட தாய்க்கு முறை வரும்போது 74 ஆகியிருக்கும். இடையில் அவர் கண்மூடினால் மனுவும் ரத்தாகும். ஒப்புதல் பெற்ற மனு என்றால் மனிதாபிமான அடிப்படையில் அதைத் திரும்ப எடுக்குமாறு கேட்கலாம். அதற்கு அமெரிக்கப் பிரஜையாகவோ கிரீன் கார்ட் உள்ளவராகவோ இருக்கும் இன்னொரு நெருங்கிய உறவு, உடன்பிறந்தவர் போல ஒருவர், செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். அது யார் என்பதைத் தாய் இருக்கும்போதே குடும்பம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.