பாவகடாவில் வெயிலுக்குக் குத்தகை

பெங்களூரிலிருந்து மதுகிரி வழியாக வடக்கே பஸ் ஏறினால், ஆந்திர எல்லையை ஒட்டி பாவகடா தாலுகா வருகிறது. தும்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழை பொய்ப்பது இங்கே புதிதல்ல. நிலக்கடலை விதைத்து, வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, கடைசியில் மூட்டை முடிச்சுடன் பெங்களூருக்குக் கூலி வேலை தேடி வந்தவர்கள் இத்தாலுகாவில் ஏராளம்.

எந்த வெயில் அவர்களை விரட்டியதோ, அந்த வெயிலே இன்று அங்கே விளைச்சலாகிவிட்டது! திருமணி, வள்ளூர், பாலசமுத்திரம் உள்பட ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் சூரிய மின் பூங்கா அமைந்துள்ளது. 2018 மார்ச்சில் திறக்கப்பட்டு, 2019 இறுதியில் முழு அளவான 2,050 மெகாவாட்டை எட்டியது. கணக்குப் பார்த்தால் ஒரு மெகாவாட்டுக்கு ஆறு ஏக்கருக்கு மேல் ஆகிறது.

விற்பனை அல்ல, குத்தகை

இவ்வளவு நிலத்தையும் அரசு கையகப்படுத்தவில்லை. மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் சேர்ந்து 2015-ல் தொடங்கிய கழகம் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது. தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு முதல் ஆண்டில் 1,05,000 ரூபாய். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம் வரும். நிலமும் அவர் பெயரிலேயே இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்துக்கோ, சுமார் 2,500 ஏக்கர் நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. விற்றவருக்குப் பணம் ஒரே தடவைதான்.

அனுமதி எவ்வளவு?

பெரிய அனல் மின் நிலையம் என்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பல படிகளைக் கடக்க வேண்டும். தகடுகள் மூலம் மின்சாரம் எடுக்கும் சூரிய நிலையங்களுக்கும், காற்றாலைகளுக்கும் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி அந்த முன் அனுமதி தேவையில்லை. புகையில்லை, சாம்பலில்லை என்பதே காரணம். காட்டு நிலமானால் மட்டும் வனச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும்.

காற்றாலைக்கு மத்திய அரசு 2016-ல் தூரக் கணக்கு ஒன்றை வகுத்தது. இரைச்சலைக் கருதி, குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை கூடாது. சாலை, ரயில் பாதைகளிலிருந்து, கோபுரத்தின் உயரம், இறக்கை வட்டத்தின் குறுக்களவில் பாதி, அதனுடன் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோபுரம் 120 மீட்டர், வட்டம் 140 மீட்டர் என்றால் 195 மீட்டர்.

சீட்டு இல்லாதவர்கள்

ஆக, பட்டா நிலத்தில் சூரிய மின் நிலையம் வருவதென்றால், நில உடையவரின் சம்மதமே பெரிய படி. பாவகடாவில் அதற்கு நல்ல குத்தகையும் கிடைத்தது. ஆனால் அதே வயலில் களையெடுத்தும் கடலை பறித்தும் பிழைத்த கூலியாளிடம் யார் சம்மதம் கேட்பது? அவர் பெயரில் சீட்டு இல்லை, குத்தகையும் இல்லை. வேலி போட்ட பிறகு ஆடு மேய்ப்பவர்களுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கியது. தகடு கழுவுதல், புல் வெட்டுதல், காவல் என்று பூங்காவில் வேலை உண்டு. ஆனால் 13,000 ஏக்கர் விவசாயம் கொடுத்த வேலைக்கு அது ஈடாகவில்லை. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் என்றிருந்தால், இவர்கள் எழுந்து பேச ஓர் இடமாவது இருந்திருக்கும்.

ஊரில் நிலம் உண்டா?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்குத் தென் மாவட்டங்களில் இரண்டொரு ஏக்கர் புஞ்சை உண்டு. சும்மா கிடக்கும் நிலம்தானே என்று தரகர் சொன்னவுடன் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. விலைக்கா, குத்தகைக்கா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயர்வு? காலம் முடிந்ததும் தகடுகளையும் கான்கிரீட் கால்களையும் அகற்றி நிலத்தைத் திருப்பித் தருவது யார் பொறுப்பு? பட்டாவில் இன்னும் தாத்தா பெயரே இருக்கிறதா?

குத்தகை கால் நூற்றாண்டுக்குக் குறையாதது. இன்று கையெழுத்துப் போடுபவரின் மகன்தான் அந்த நிலத்தைத் திரும்ப வாங்கப் போகிறவன். பத்திரத்தை அவனுக்கும் ஒருமுறை படித்துக் காட்டுவது நல்லது.