மன்னார் எரிவாயு: அனுமதிப்பத்திரத்தில் எழுதப்படுவது என்ன?

ஈரானிடமிருந்து 2012 இல் பெற்ற எண்ணெய்க்குச் செலுத்தவேண்டியிருந்த 251 மில்லியன் டொலரைத் தேயிலையால் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு கைச்சாத்தானது. மாதாந்தம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை என்பது ஏற்பாடு. டயகமவின் மலைச்சரிவில் அட்டைக்கடியுடன் பறிக்கப்படும் கொழுந்துக்கும் நாட்டின் எண்ணெய்க் கணக்குக்கும் உள்ள உறவை இதனைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது. எனவே மன்னார்க் கடலடியில் அகழ்வுரிமை யாருக்கு, எந்நிபந்தனையில் வழங்கப்படுகின்றது என்பது மலையக மக்களுக்கும் உரிய வினாவே.

2003 ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் 2007 இல் மன்னார்ப் படுகையின் மூன்று பகுதிகளுக்கு முதன்முறையாக விலைமனு கோரப்பட்டது. 2008 இல் ஒரு பகுதி கெய்ர்ன் இந்தியா நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2011 இல் டொராடோ, பரகூடா எனப் பெயரிடப்பட்ட இரு கிணறுகளில் எரிவாயு கண்டறியப்பட்டது. ஆயிரம் மீற்றருக்கும் அதிக ஆழமான கடல் அது. நாடே மகிழ்ந்தது, அரசியல்வாதிகள் சற்று அதிகமாகவே மகிழ்ந்தனர். ஆனால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்திருந்த 2015 இல் அந்நிறுவனம் வெளியேறியது. அந்த எரிவாயு இன்னமும் கடலடியிலேயே கிடக்கின்றது. 2021 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுப் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையும் அமைக்கப்பட்டது.

அனுமதிப்பத்திரம் என்பது வெறும் அனுமதியன்று. பல தசாப்தங்களுக்கு நீளும் ஒப்பந்தமாகும். உற்பத்திப் பங்கீட்டு முறையில், தோண்டிய கிணறு வறண்டு போனால் நட்டம் நிறுவனத்துக்குரியது. வளம் கிடைத்தால் நிறுவனம் முதலில் தன் செலவைக் கழித்துக்கொள்ளும். எஞ்சியதே இலாபமாக அரசுடன் பங்கிடப்படும். ஆகவே அரசுக்கு எத்தனை வீதம் என்ற அறிவிப்பை மாத்திரம் கேட்டு நாம் அமைதியடையலாகாது. செலவுக் கணக்கை யார் பரிசோதிப்பர், ஆண்டுதோறும் கழிக்கக்கூடிய செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்பவையே பெரிய கேள்விகள். செலவு ஊதிப்பெருத்தால் பங்கு தேய்ந்துவிடும்.

எரிவாயுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மசகெண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். எரிவாயுவுக்கோ குழாய்வழியும் நிலையான கொள்வனவாளரும் வேண்டும். அன்றேல் பெருஞ்செலவில் அதனைத் திரவமாக்க வேண்டும். எமது நாட்டில் பெருமளவில் வாங்கக்கூடியது மின்னுற்பத்தித் துறையே. அது எவ்விலைக்கு வாங்கும் என்பதை முன்கூட்டியே வரையறுக்காமல் கடற்பகுதிகளை ஏலத்தில் விடுவது, சந்தையில்லாத ஊரில் கடை விரிப்பதற்கு ஒப்பானது.

வளம் ஓரிடத்தில், பயன் வேறிடத்தில் என்பது மலையகம் அறியாததன்று. ஆக்ரா ஓயாவின் நீரையும் சேர்த்துக்கொண்டு ஓடும் கொத்மலை ஓயாவை மறித்து, 2012 இல் 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியது. அந்நீரேந்து பிரதேசத்தின் லயன்களில் இன்னமும் விறகடுப்புப் புகைகின்றது. மன்னாரின் மீனவருக்கும் இதே அனுபவம் நேரக்கூடாது. அகழ்வுக் காலத்தில் மீன்பிடி தடைப்படும் பரப்பும் அதற்கான இழப்பீடும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கைச்சாத்திடுவதற்கு முன்னர் அவ்வொப்பந்தம் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும்.