டிரம்பெட் எங்கே?

குழந்தைகளே, வானொலியில் பாட்டுக் கேட்கும்போது, பாடுகிறவர் நெட்டையா குட்டையா என்று மனசுக்குள் படம் வரைவோம் இல்லையா? 1930-களில் அமெரிக்கர்களுக்கும் இதே கதைதான்.

அங்கே ஒஹையோ மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூர். முடிதிருத்தும் கடைக்காரரின் பிள்ளைகள் நான்கு பேர். மில்ஸ் சகோதரர்கள் என்று பெயர். ஒருமுறை பாட்டுப் போட்டிக்குப் போனார்கள். மேடையில் பார்த்தால் ஹாரியின் 'கஸூ' என்ற சின்ன ஊதலைக் காணோம்! சமாளிக்க வேண்டுமே? கைகளைக் குவித்து வாயருகே வைத்து ஒலி எழுப்பினார். டிரம்பெட் சத்தம் அப்படியே வந்தது. பிறகு அண்ணன் ஜான் டியூபாவைப் போல ஒலித்தார். கையில் இருந்த ஒரே கருவி, ஒரு கிதார்.

சி.பி.எஸ். வானொலி அவர்களை நாடெங்கும் ஒலிக்க வைத்தது. கேட்டவர்கள் நம்பவில்லை. 'கிதாரைத் தவிர வேறு கருவி இல்லை' என்று இசைத்தட்டிலேயே அச்சிட வேண்டியதாயிற்று!

சினிமா பேசத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. பாடகர்களுக்கு எங்கே போவது? வானொலிதான் கைகொடுத்தது. 1932-ல் பாரமவுண்ட் நிறுவனம் 'தி பிக் பிராட்காஸ்ட்' படத்தை எடுத்தது. நொடித்துப்போன வானொலி நிலையம் பற்றிய கதை. பிங் கிராஸ்பி, கேட் ஸ்மித் என்று வானொலிப் பாடகர்கள் வரிசையாக வந்தார்கள். (கிராஸ்பியின் விடைத்த காதுகளைப் பசை போட்டு ஒட்டிப் படம் எடுத்தார்களாம்!)

மில்ஸ் சகோதரர்களும் வந்தார்கள். திரையில் நான்கு வாய்கள், ஒரு கிதார். டிரம்பெட்டைக் காணோம்!

நீங்களும் கையைக் குவித்து முயன்று பாருங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா தூங்குகிறாரா என்று மட்டும் முதலில் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்!