அறுத்த கோழி வயிற்றில் முட்டை!

போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கொல்லையில் நாலு கோழி வளர்க்கிற சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

எங்களிடம் 16 உருப்படி. எல்லாம் நாட்டுக்கோழிதான். முட்டை வரத்து குறைந்து, நாளைக்கு இரண்டு கிடைப்பதே பெரிய பாடு என்று ஆகிவிட்டது. கம்பும் நொய்யும் மட்டும் மளமளவென்று கரைந்தது. "தின்னுட்டுச் சும்மா நிக்கிறதைக் கழிச்சு விடு" என்றார் என் கணவர். சரி, எதைக் கழிப்பது?

கண்ணால் பார்த்து நானே ஒன்றைப் பிடித்தேன். சாம்பல் நிறப் பெட்டை. முதுகில் இறகெல்லாம் போய், தோல் தெரிய, பார்க்கவே சகிக்காது. ஞாயிற்றுக்கிழமை அதை அறுத்தால், உள்ளே ஓடு கட்டிய முட்டை ஒன்று! அதற்குப் பின்னால் நெல்லிக்காய் அளவிலிருந்து மிளகு அளவு வரை மஞ்சள் கருக்கள் கொத்தாக. எனக்குக் கை ஓடவில்லை. "முட்டை வச்சுக்கிட்டிருந்ததைப் போயி அறுத்துட்டியேடி" என்று அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குக் குழம்பு இறங்கவில்லை.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட கால்நடை மருந்தகம் போனபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். சேவல் அடிக்கடி மிதிக்கிற கோழிக்குத்தான் முதுகு இறகு போகுமாம். விடாமல் முட்டையிடுகிற கோழிக்கு அழகு இருக்காது. பளபளவென்று மினுக்கிக்கொண்டு திரிவதைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். (மனுஷருக்கும் இது பொருந்துமோ என்னவோ!)

அவர் சொன்ன சோதனை இது. வாலுக்குக் கீழே, பின்துவாரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடுகிற கோழி. ஒரு விரலே திக்கினால் இடாதது. துவாரம் அகலமாக, ஈரமாக இருந்தால் இடுகிறது. சுருங்கிக் காய்ந்திருந்தால் இல்லை. கொண்டையும் இடுகிற கோழிக்குச் சிவந்து மெத்தென்று இருக்கும். பகலில் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். இருட்டினதும் பஞ்சாரத்தில் கை விட்டால் பேசாமல் வரும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அடைக்கோழிக்கும், குஞ்சோடு திரிகிற தாய்க்கும், இறகு உதிர்க்கிற கோழிக்கும், இன்னும் முட்டைக்கு வராத வெடைக்கோழிக்கும் இதே மாதிரி சுருங்கித்தான் இருக்கும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை வைத்ததும் 21 நாள் அடை படுக்கும், அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு மாதம் ஓடிவிடும். அதெல்லாம் சும்மா இருப்பதில் சேராது. இந்த நாலிலும் சேராததன் காலில் மட்டும் நூல் கட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள்.

நோய்க்கோழியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். கழுத்து திருகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிகிறதை விற்கவும் கூடாது, குழம்பும் வைக்கக் கூடாது. தனியே அடைத்து டாக்டரிடம் கேளுங்கள். செத்தால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

அன்று ராத்திரியே டார்ச் லைட்டோடு உட்கார்ந்தேன். எங்களிடம் சேவலே மூன்று! பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும் என்பதால் இரண்டை விற்றோம். பெட்டைகளில் மூன்றுக்குச் சிவப்பு நூல் விழுந்தது. அதில் ஒன்று அத்தையுடைய கருங்கால் கோழி. அவர்கள் அக்கா சாவதற்கு முன்னால் குஞ்சாகக் கொடுத்தது. வருஷக்கணக்கில் ஆகிறது, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும்.

மூன்று வாரம் கழித்தும் அதற்கு ஒரு விரல்தான் நுழைந்தது. நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அதன் காலில் நூலைக் காணோம். அத்தை அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டையும் கோழிக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்தேன். "கருங்காலு?" என்றார் என் கணவர். "அது இருக்கட்டுங்க, ஒரு பிடி கம்புதானே" என்றேன்.

இப்போது முட்டை ஐந்து, ஆறு வருகிறது. கோழிக்காரர் மொபெட்டை நிறுத்தும்போதெல்லாம் கருங்காலைக் காட்டி, "அதையும் போட்டுடலாமே தாயி" என்கிறார். திண்ணையில் அத்தை காதில் விழாத மாதிரி வெற்றிலை இடிக்கிறார்கள்.

- ஓர் இல்லத்தரசி, சிவகங்கை மாவட்டம்