கடல் லீவு போட்ட நேரத்தில்...

கடலைப் பார்க்கப் போனால், கடலையே காணோம்!

குஜராத்தில், ஜாம்நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது நராரா. 1982-ல் அறிவிக்கப்பட்ட, இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவின் ஒரு மூலை. தண்ணீர் வடிந்ததும் கரடுமுரடான பவழப்பாறை மேல் வெகுதூரம் நடக்கலாம். ஷூ போடாவிட்டால் பாதம் பஞ்சர்!

பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டு, கடல் அட்டை, கடல் சாமந்தி... பாறை நிறத்துக்கே மாறி ஒளிந்திருந்த ஆக்டோபஸ். ஆசாமிக்கு மூன்று இதயமாம். நமக்கு ஒன்றே ஓவர்டைம் பார்க்கிறது!

ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் குட்டி நண்டு, புழு, முட்டைகள்... பெரிய கூட்டுக் குடும்பம்! போட்டோ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

"நில்லுங்க சார்!" இந்தியில் அதட்டினார் வழிகாட்டி. "உங்க வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒருத்தன் போனா சும்மா விடுவீங்களா? வெயில்ல எல்லாம் காய்ஞ்சு செத்துடும்."

ஓடினேன். எந்தக் கல்? சுற்றிலும் ஆயிரம் கல்! கணுக்காலில் சில்லென்றது. கடல் டியூட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சார், தண்ணி ஏறுது!"

அதோ... வெளுத்த வயிற்றைக் காட்டியபடி மல்லாந்து கிடந்தது. மெதுவாகப் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் போட்டோவை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.