பழைய படகும் புதிய கைகளும்

நுழையும்முன்

புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குவோர் விலை குறைவு என்பதால் பழைய கருவிகளை நாடுவது இயல்பு. தையல் இயந்திரம் பழுதுற்றால் வேலை தடைப்படும். படகு பழுதுற்றால் உயிருக்கே கேடு நேரும். படகு செலுத்தக் கற்கத் தொடங்கும் ஒருவர் பழைய படகை வாங்கலாமா? இவ்வினாவை ஆராய்வது, எப்பொருளையும் தேர்ந்து வாங்கும் அறிவிற்குப் பயிற்சியாக அமையும்.

எந்த நீருக்கான படகு?

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஆற்றில் நீர் பெருகிய காலங்களில் மக்கள் படகையே நம்பியிருந்தனர்.

இன்று மேலப்பாளையத்து இளைஞர் ஒருவர் படகு வாங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் கேட்க வேண்டிய முதல் வினா, ‘விலை என்ன?’ என்பதன்று, ‘எந்த நீரில் செலுத்தப் போகிறேன்?’ என்பதே. ஊர் வழியே செல்லும் பாளையங்கால்வாய், பாசனத்திற்காக அமைந்தது. ஆற்றிலோ எட்டு அணைக்கட்டுகள் குறுக்கிடுகின்றன. கோடையில் மணல்திட்டும் பாறையும் தலைகாட்டும். அமலைச்செடிகள் துடுப்பைச் சிக்கவைக்கும். மழைக்காலத்திலோ வெள்ளம் பெருகும். 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் மக்களை மீட்கத் தெருக்களிலேயே படகுகள் செலுத்தப்பட்டன. அத்தகைய வெள்ளம் தேர்ந்தவர்க்கே அறைகூவலாகும்; புதியவர்க்கு உரியதன்று.

ஆழம் குறைந்த ஆற்றுக்குத் தட்டையான அடிப்பகுதி பொருந்தும். அலைமோதும் கழிமுகத்திற்கு உயர்ந்த பக்கப்பலகைகள் தேவை. ஒரு நீருக்கு நல்ல படகு மற்றொரு நீருக்கு இடராகலாம்.

வண்ணத்திற்குள் மறைந்திருப்பவை

பலகைகளால் கட்டப்பட்ட வள்ளத்தில் முதலில் காண வேண்டியவை, அடிமரமாகிய எராவும் விலா எலும்புகள்போல் உடலைத் தாங்கும் வங்குகளும் ஆகும். ஒரு பலகை கெட்டால் மாற்றிவிடலாம். எரா கெட்டால் படகையே புதிதாகக் கட்டுவதற்கு ஒப்பாகும். கூரிய ஊசியால் குத்தும்போது மரம் மெத்தென்று இடங்கொடுத்தால் உள்ளே உளுத்துள்ளது என்று பொருள். கடலில் உழைத்த படகாயின், மரத்தைத் துளைக்கும் புழுக்களின் துளைகளையும் தேட வேண்டும். பலகை இடுக்குகளில் திணித்த பஞ்சு உதிர்ந்துள்ளதா, ஆணிகளைச் சுற்றித் துரு கசிந்துள்ளதா என்பனவும் நோக்கத்தக்கவை. விற்பனைக்குச் சற்றுமுன் பூசப்பட்ட புதுவண்ணம் இக்குறைகளை மறைக்கக்கூடும்.

கட்டுமரத்திற்கு உட்குழிவு இல்லை. மரங்களின் எடைக்குறைவே அதனை மிதக்கச் செய்கிறது. நீரை உறிஞ்சிய மரம் கனத்துவிடும் என்பதாலேயே, கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர்.

கண்ணாடி நாரிழைப் படகைக் கைவிரல் மூட்டால் தட்டிப் பார்க்கலாம். கணீரென்ற ஒலிக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலி எழுந்தால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

வெள்ளோட்டம்

கரையில் கண்ட நலத்தை நீரில் உறுதிசெய்ய வேண்டும். அனுபவம் மிக்க படகோட்டி ஒருவரை உடனழைத்து, ஆழமற்ற நீரில் படகை ஒரு மணி நேரம் வெறுமையாக மிதக்கவிட வேண்டும். பின்னர்ச் சுமையேற்றி, கசிவு கூடுகிறதா என்று காண வேண்டும்.

சிறிய கசிவுதானே என்று எண்ணலாகாது. மூன்று சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள படகில் பத்து சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால் அதன் எடை 300 கிலோகிராம். அஃதாவது ஏறத்தாழ ஐவரின் எடை. அந்த ஐவரும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவரல்லர். படகு சாயும் பக்கத்திற்கே அந்நீர் ஓடி, சாய்வை மேலும் மிகுவிக்கும்.

விலையும் செலவும்

பழைய படகின் உண்மையான விலை, விற்பவர் சொல்லும் தொகை மட்டுமன்று. பழுதுபார்ப்பு, துடுப்பு, கயிறு, உயிர்காப்புச் சட்டை ஆகியவற்றின் செலவையும் கூட்ட வேண்டும். இக்கூட்டுத்தொகை புதிய படகின் விலையை நெருங்குமாயின், மலிவு என்பது தோற்றமே. கடல் மீன்பிடிப் படகாயின், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) வேண்டும் பதிவும் உரிமமும் உள்ளனவா, கடன் நிலுவை உள்ளதா என்பனவற்றையும் அறிய வேண்டும்.

முடிவெடுத்தல்

பழையது என்பதனாலேயே ஒரு படகு தீயதாகிவிடாது. பல்லாண்டு உழைத்தும் உறுதியாக நிற்கும் எரா, நல்ல மரத்திற்கும் நல்ல தச்சருக்கும் சான்றாகும். எனினும், குறையைக் கண்டறியும் கண் பழக்கத்தால் வருவது. புதியவரிடம் இல்லாதது அதுவே. எனவே, முதலில் நீந்தக் கற்க வேண்டும். பிறகு, தேர்ந்தவரின் துணையோடு அவர்தம் படகிலேயே ஒரு பருவகாலமாவது பழக வேண்டும். அதன்பின், நீருக்கு ஏற்றதாய், அடிமரம் உறுதியானதாய், வெள்ளோட்டத்தில் தேறியதாய் உள்ள படகை வாங்கலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விலை எவ்வளவு குறைந்திருப்பினும், வேண்டா என்று சொல்லித் திரும்புவதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் வாங்கிய பழைய பொருள் ஒன்றின் விலையையும் பழுதுபார்ப்புச் செலவையும் கேட்டறிந்து ஒப்பிடுக.
2. தோணி, ஓடம், பரிசல், வள்ளம், வத்தை ஆகியவற்றின் வேறுபாடுகளைத் திரட்டி வகுப்பில் உரையாற்றுக.